பையன் செட்டில், சிபில் நாட் செட்டில்

“கிரெடிட் கார்டு பாக்கியை அப்போதே செட்டில் பண்ணிவிட்டேன். இப்போது வீட்டுக்கடன் கேட்டால் சிபில் சரியில்லை என்கிறார்கள். என்ன நியாயம்?” என்று திண்டுக்கல் வாசகர் கேட்டிருக்கிறார்.

வில்லங்கம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ‘பையன் செட்டில் ஆயிட்டான்’ என்றால் பெண் கொடுக்கலாம் என்று பொருள். நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றிருந்தால் கடன் கொடுக்க யோசி என்று பொருள். அறுபதாயிரம் பாக்கிக்கு இருபத்தைந்தாயிரம் போதும் என்று வசூல்காரர் போனில் இறங்கி வருவார். நமக்கோ பேரம் படிந்த சந்தோஷம். மிச்சத்தை விட்டுக்கொடுத்ததை வங்கி அந்த ஒற்றைச் சொல்லில் பதிந்துவிடும். முழுசாய்க் கட்டியவருக்குத்தான் ‘க்ளோஸ்டு’.

300 முதல் 900 வரையான மதிப்பெண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அதற்குக் கீழே உள்ள கட்டங்கள்தான் சுவாரசியம். பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி, 36 மாதங்களுக்கு மாதம் ஒரு கட்டம். எத்தனை நாள் தாமதம் என்று அதில் எழுதியிருக்கும். 000 என்றால் ஒழுங்கு. என் அறிக்கையில் ஓரிடத்தில் 060 இருந்தது. நான் வாங்காத கடன்! நண்பரின் பைக் கடனுக்கு டீ குடித்துக்கொண்டே போட்ட ஜாமீன் கையெழுத்து. டீக்குக் காசும் நான்தான் கொடுத்தேன்.

திண்டுக்கல்காரர் செய்ய வேண்டியது: விட்டுப்போன மிச்சத்தைக் கட்டி, ‘நோ டியூ’ சான்றிதழ் வாங்கி, ‘க்ளோஸ்டு’ என்று மாற்றும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கி சொல்லாமல் சிபில் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. தவறான பதிவென்று புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிறகு ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து ஒரு சின்னக் கார்டு வாங்கலாம். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவழித்து, ‘மினிமம் டியூ’ என்ற வலையில் விழாமல் முழுத்தொகையையும் கட்டிவர வேண்டும். சுழிகள் ஒவ்வொன்றாகத்தான் சேரும்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ‘சிபில் சரிசெய்து தரப்படும்’ என்று ஒட்டுகிறார்களே, உண்மையான பதிவை அழிக்க அவர்களால் முடியாது. அங்கே கொடுக்கும் காசைப் பாக்கியில் கட்டுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.