கல்வாழை மலரும் அதன் உறவும்

நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே பீலிக்கரைகளிலும் லயன் வாயிற்புறங்களிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்பது கல்வாழை. சிங்களத்தில் இதனைப் 'புத்சரண' என்பர். நாள்தோறும் காணும் செடியாதலின் இதனை நின்று நோக்குவார் சிலரே. நோக்குவாரும் ஏமாறுதல் இயல்பு. இம்மலரில் இதழெனத் தோன்றுவது இதழன்று.

ஒரு மலரைப் பறித்து அதன் உறுப்புக்களைப் புறத்திலிருந்து முறையே பிரித்தால் உண்மை புலனாகும். முதலில் உள்ளவை மூன்று சிறு புல்லிகள். அடுத்துள்ள, ஒடுங்கிக் கூரிய மூன்றுமே உண்மை அல்லிகள். உள்ளே நிறங்காட்டி விரிந்திருப்பவை மகரந்தமிழந்து இதழுருக்கொண்ட மலட்டுக் கேசரங்களாம். வளமுள்ள கேசரம் ஒன்றே. அதிலும் ஒரு பாதி இதழாகிவிட, மறுபாதியின் ஓரத்தில் அரை மகரந்தக்கூடு மாத்திரம் எஞ்சியுள்ளது. தம்பமுந் தட்டையாய் இதழ்போன்றிருக்கும். ஆதலின் இம்மலரை எவ்வாறு பிளப்பினும் ஒத்த இரு கூறுகள் கிடையா. கீழேயுள்ள மூவறைச் சூலகம் புடைப்புக்கள் செறிந்த காயாக முதிரும். அதனுள் இருக்கும் கரிய உருண்டை வித்துக்கள் கல்லை நிகர்த்த வன்மையுடையன. அவற்றின் தோலைச் சிறிது உரசி விதைத்தாலன்றி நீர் எளிதில் உட்புகாது.

இலின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் 1753இல் இதற்குக் 'கன்னா இண்டிக்கா' எனப் பெயரிட்டார். கேசரங்களை எண்ணித் தாவரங்களை வகுத்த அவர், ஒற்றைக் கேசரமுடைய இதனைத் தம் பெருநூலின் முதற்பக்கத்திலேயே வைத்தார். 'இண்டிக்கா' என்ற சொல்லால் இதன் தாயகம் இந்தியா எனக் கொள்ளலாகாது; அஃது அமெரிக்க வெப்பமண்டலமாகும். மேலும், தோட்டங்களிற் காணும் பெருமலர்ச் செடிகள் யாவும் இவ்வினமல்ல. அவற்றுட் பல 19ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட கலப்பினங்களின் வழிவந்தவை. இயல்பான இனத்தின் மலர் சிறிதாயும் ஒடுங்கியும் இருக்கும்.

இக்காலத் தாவரவியலார் கன்னா என்னும் ஒரே சாதியைத் தனிக் குடும்பமாகக் கொள்வர். 2008இல் வெளிவந்த ஆய்வொன்று அச்சாதியில் 10 இனங்களை ஏற்றது. வாழை, இஞ்சி முதலியவற்றின் குடும்பங்களோடு இதுவும் சேர, எட்டுக் குடும்பங்கள் ஒரே வருணத்தில் அடங்கும். எனவே 'வாழை' என்ற வழக்கு முற்றிலும் பிழையன்று. எனினும் இலை வாழையை ஒத்திருப்பினும், இதற்கு மிக நெருங்கிய உறவு அரோரூட் குடும்பமே. அங்கும் அந்த அரைக் கேசரம் காணப்படும்.

பெயர் நாட்டைத் தவறாகச் சுட்டியது. நிறம் இதழைத் தவறாகக் காட்டியது. ஓரத்தில் எஞ்சிய அச்சிற்றுறுப்பே உறவை உரைத்தது. இதனைக் காண ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. நுணுக்குக்காட்டியில்லாத தோட்டப் பாடசாலையிலும், பீலிக்கரையிற் பறித்த மலரொன்றைக் கொண்டு மாணவர் தம் கைகளாலேயே பிரித்தறியலாம்.