பழைய மோட்டாரும் அதன் டைமிங் சங்கிலியும்

பழைய மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவர் முதலில் பார்ப்பது வர்ணத்தை. அடுத்துப் பார்ப்பது டயரை. மூன்றாவதாகப் பார்ப்பது ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை. இம்மூன்றையும் கண்டு திருப்தியடைந்து, பல ஆண்டுகள் சேர்த்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அவ்வண்டி இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உறுப்புகளுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாமல் இஞ்சினின் மூடிக்குள் மறைந்து கிடக்கிறது. அதுவே டைமிங் சங்கிலி. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியை வாங்குவோர் அச்சங்கிலியின் தேய்மானத்தை எவ்வாறு அறிந்துகொள்வது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இஞ்சினில் முக்கியமான தண்டுகள் இரண்டு. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழல்வது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது காம் தண்டு. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் தண்டு ஒரே சுற்றுச் சுற்ற வேண்டும். இக்கணக்குப் பிசகாமல் இரண்டையும் பிணைத்து வைப்பதே டைமிங் சங்கிலியின் வேலை. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. நட்டுவனாரின் தாளமும் ஆடுபவரின் காலும் பொருந்தி நிற்பதுபோல, பிஸ்டனும் வால்வும் பொருந்தி நிற்க வேண்டும். தாளம் தவறினால் நாட்டியம்தான் கெடும். இங்கே தவறினாலோ, பல இஞ்சின்களில், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வின்மீது மோதிவிடும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். பிறகு செலவு சங்கிலிக்கு அன்று, இஞ்சினுக்கே.

சில வண்டிகளில் சங்கிலிக்குப் பதிலாக ரப்பர் பெல்ட் உண்டு. அதைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கிலியோ இரும்பால் ஆனது. 'வண்டி உள்ளவரை அதுவும் இருக்கும்' என்று பலர் நம்பிவிடுகின்றனர். இந்த நம்பிக்கையே அதற்குப் பகையாகிறது.

'சங்கிலி இழுபட்டுவிட்டது' என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றைச் சுற்றிய குழல்களும் தேய்கின்றன. சைக்கிள் சங்கிலியில் இதை நாமே பார்க்கலாம். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதே 24 கண்ணிகள் 12 அங்குலத்துக்கு மேல் ஓர் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டால், சங்கிலி நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்துவிட்டது என்று பொருள். மோட்டாரிலும் நடப்பது இதுவே. ஓர் இணைப்பில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 150 இணைப்புகள் இருந்தால் மொத்த நீளம் ஏழரை மில்லிமீட்டர் கூடிவிடும். சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் சொன்ன பழமொழி அன்று.

இத்தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெய். எண்ணெய் பழையதாகிக் கரி மிகுந்தால், அதுவே அரம்போல் அராவத் தொடங்கும். டீசல் வண்டியில் இக்கரி இன்னும் அதிகம். ஆதலால் மீட்டரின் எண்ணை மட்டும் கொண்டு சங்கிலியை மதிப்பிடலாகாது. மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, 2,500 மணி நேரம் உழைத்திருக்கும். நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரத்தை ஓடியது 5,000 மணி நேரம் உழைத்திருக்கும். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சங்கிலியோ இரு மடங்கு நேரம் சுழன்றிருக்கும். எனவே, 'எவ்வளவு ஓடியது?' என்று கேட்பதோடு நில்லாமல், 'எண்ணெய் எப்போதெல்லாம் மாற்றப்பட்டது?' என்று கேட்டு, அதற்குரிய ரசீதுகளையும் காட்டச் சொல்லுங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். என்னிடம் யோசனை கேட்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வண்டியைக் காலையில், அது இரவு முழுவதும் நின்ற பிறகு, போய்ப் பாருங்கள் என்பதே. சங்கிலியைத் தளராமல் பிடித்து வைக்கும் டென்ஷனர் என்ற கருவி, பல இஞ்சின்களில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. இரவில் எண்ணெய் கீழே வடிந்துவிடும். காலையில் இஞ்சினைக் கிளப்பியதும் அழுத்தம் வந்து சேர ஓரிரு விநாடி ஆகும். அதற்குள், தேய்ந்த சங்கிலி ஆடி, வழிகாட்டும் சட்டங்களில் மோதிக் கடகடவென்று ஒலிக்கும். பின்பு அடங்கிவிடும். அந்த இரண்டு விநாடியில் சங்கிலி தன் உண்மையைச் சொல்லிவிடுகிறது. நாம் போகுமுன்பே இஞ்சின் ஓட்டிச் சூடாக்கப்பட்டிருந்தால் அவ்வுண்மை நமக்குக் கிடையாது. ஆதலால் முதலில் பானெட்டின்மீது கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நயமாகச் சொல்லி, மறுநாள் வருவதே நலம்.

கிளப்பும்போது ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் இஞ்சின் அருகே நின்று செவி கொடுக்க வேண்டும். ஒலி, பெரும்பாலும் மின்னாக்கியை ஓட்டும் பெல்ட் உள்ள பக்கத்திலிருந்து வரும். டீசல் இஞ்சினுக்கு இயல்பாகவே ஒரு தட்டொலி உண்டு. அது இஞ்சின் முழுவதும் பரவி ஒரே சீராகக் கேட்கும். சங்கிலியின் ஒலி ஒரு பக்கத்தில் நிற்கும். நீண்ட மரக்குச்சியின் ஒரு முனையை மூடியின்மேல் வைத்து மறுமுனையைக் காதருகே வைத்தால் வேறுபாடு தெளியும். ஆனால் சுழலும் பெல்டின் பக்கம் துணியோ கையோ போகாமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சூடான பின்பும் ஒலி நிற்கவில்லை என்றால் தேய்மானம் முற்றிவிட்டது எனலாம்.

அடுத்து, எண்ணெய் அளவுகோலை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலும், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் கரிய சேறு படிந்திருந்தாலும் ஐயுறுக. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் விளக்கு எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் அதன் காரணத்தை விசாரிக்க வேண்டும். பட்டறையில் கணினிக் கருவியைப் பொருத்தினால், இரு தண்டுகளின் நிலையும் ஒத்துவரவில்லை என்பதை 'பி 0016' போன்ற குறியீடுகள் அறிவிக்கும். இக்குறியீடுகளை அழித்துவிடவும் முடியும். ஆகையால் ஒன்றும் இல்லை என்பதையே சான்றாகக் கொள்ளலாகாது.

அம்பாஸடரின் 1,489 சி.சி. பெட்ரோல் இஞ்சினில் இதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் தண்டை ஸ்பானரால் சற்று முன்னே திருப்பி, பிறகு மெல்லப் பின்னே திருப்புவார்கள். உள்ளே இருக்கும் ரோட்டார் அசையத் தொடங்குமுன் கிராங்க் எவ்வளவு திரும்புகிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் சங்கிலியின் தளர்ச்சி.

2007இல் மாருதி ஸ்விஃப்டில் வந்த 1,248 சி.சி. டீசல் இஞ்சின் வேறு பல வண்டிகளிலும் ஓடியது. அதிலும் சங்கிலியே உண்டு. 2020 ஏப்ரலில் மாருதி டீசல் வண்டிகளை நிறுத்திவிட்டதால், இன்று விலைக்கு வரும் அத்தகைய மாருதி ஒவ்வொன்றும் பழைய வண்டியே. இக்கால இஞ்சின்களில் டிஸ்டிரிபியூட்டர் கிடையாது. மேல்மூடியைக் கழற்றிச் சங்கிலியையும் சட்டங்களையும் நேரில் பார்ப்பதும், தண்டுகளை அவற்றுக்குரிய பூட்டு ஊசிகளால் நிறுத்திப் பார்ப்பதும் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஒரு தண்டைப் பூட்டிய பின் மற்றதன் ஊசி தன் துளையில் இறங்க மறுத்தால், சங்கிலி நீண்டிருக்கக்கூடும்.

தேய்மானம் உறுதியானால் அவ்வண்டியை வாங்கவே கூடாது என்பதில்லை. சங்கிலி, டென்ஷனர், வழிகாட்டும் சட்டங்கள், தேவையானால் பல்சக்கரங்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே மாற்றும் செலவை எழுத்தில் வாங்கி, விலையில் கழித்துக்கொள்ளலாம். சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரை விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது.

வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க வண்டி வாங்குபவருக்கும், வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வாங்குபவருக்கும், நடுவழியில் இஞ்சின் நின்றுவிடுவது வெறும் பண நஷ்டம் மட்டும் அன்று. ஒரு காலைப் பொழுதும், குளிர்ந்த இஞ்சினும், கூர்ந்து கேட்கும் செவியும் இருந்தால் அத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். முன்பணம் கொடுக்குமுன் அந்தக் காலைப் பொழுதைச் செலவிடுங்கள்.