சுவடிப் பற்றும் படியெடுக்கும் பணியும்: ஓலை முதல் குஜிலி நூல்கள் வரை

முன்னுரை

நூலைப் போற்றும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் நெடிய மரபுடையது. கலைமகள் பூசையன்று சுவடிகளை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடுவதும், காலில் பட்ட நூலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அம்மரபின் அடையாளங்கள். ஆயினும் இப்பற்று எல்லாக் காலத்தும் நூலைக் காத்தது என்று கூறுவதற்கில்லை. போற்றுதலே அழிவுக்கு வழிவகுத்த தருணங்களும் உண்டு. நூல் என்னும் பொருளின்மீது கொள்ளும் பற்று வேறு. அதிலுள்ள பாடத்தின்மீது கொள்ளும் பற்று வேறு. பின்னது படியெடுத்தலால் மட்டுமே நிறைவேறுவது. இவ்வேறுபாட்டை ஓலைச்சுவடி, அச்சுநூல் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஏட்டின் ஆக்கம்

ஓலைச்சுவடி ஒரு கைவினைப் பொருள். மிக இளையதும் மிக முற்றியதும் அல்லாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, வெந்நீரில் இட்டு, நிழலில் உலர்த்தி, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இதனை ஓலையைப் பாடம் செய்தல் என்பர். நாட்டுப்பனையோலை சற்றுத் தடித்தது. சீதாளப்பனையோலை அகலமும் மென்மையும் உடையது. எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மஞ்சள், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, கரி முதலியவற்றைத் தடவித் துடைத்த பின்னரே கீறலில் மை தங்கி எழுத்துத் தெளியும். ஏடுகளில் துளையிட்டு, ஒன்றில் நாராசம் என்னும் கம்பியைச் செருகி, மற்றொன்றில் கயிறு கோப்பர். மேலும் கீழும் மரச்சட்டங்கள் அமையும். கயிற்றின் நுனியில் கட்டப்படும் ஓலைத் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். ஒரு சிறு துண்டுக்கும் தனிப்பெயர் இட்ட இச்செயல், சுவடிக் கட்டுமானத்தின்மீது இருந்த ஈடுபாட்டைக் காட்டுகிறது.

இத்தனை பேணலுக்குப் பின்னும் நம் தட்பவெப்பத்தில் ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. பூச்சி துளைக்கும், விளிம்பு முறியும், எழுத்து மங்கும். எனவே சங்கப் பாடல்கள் நமக்குக் கிடைத்தமைக்கு எந்த ஒரு சுவடியும் காரணமன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அமர்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியதே காரணம்.

படியெடுத்தல் வெறும் கைவேலையும் அன்று. ஓலை கிழிபடும் என்பதால் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை என்பர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வரிவடிவில் வேறுபடவில்லை; ரகரமும் காலும் ஒத்திருந்தன. சீர்பிரித்தும் எழுதப்படவில்லை. ஆகவே எழுதுபவர் பொருளை உணர்ந்து படித்தே ஆகவேண்டியிருந்தது. அவர் உணர்ந்த பொருளே அடுத்த படியின் பாடமாயிற்று. பாடவேறுபாடுகளுள் ஒரு பகுதி கவனக்குறைவால் அன்றி, இவ்வாறு படித்ததன் விளைவாகவே தோன்றியது எனலாம்.

நெய்யில் தோய்ந்த ஏடுகள்

இச்சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் என்ன நிகழும் என்பதற்கு உ.வே. சாமிநாதையர் பதிந்துள்ள கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சி சான்றாகும். அக்கோயிலில் அரசர் காலத்து ஏடுகள் பல இருந்தன என்று கேள்வியுற்று அவர் அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்பது ஆகம விதி எனக் கருதி, அவ்வாறே செய்துவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது.

இச்செயல்களை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நெய்யில் தோய்த்தவர் ஏட்டை இகழவில்லை. குப்பையில் எறியவும் மனம் வரவில்லை. உயிர்நீத்த உடலுக்குச் செய்யும் கடனை ஏட்டுக்குச் செய்தார். பழைய ஏட்டின் பாடம் புதிய ஏட்டுக்கு மாறியிருந்த காலத்தில் இச்சடங்கால் இழப்பு ஏதும் இல்லை. படியெடுப்போர் அருகிய பின்னரும் சடங்கு மட்டும் தொடர்ந்ததே கேடாயிற்று. 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளைப் பற்றி அதன் பதிப்புரையில் வருந்தி எழுதியதும், அதே ஆண்டில் சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் இப்பின்னணியில் கருதத்தக்கன. அவர்கள் செய்ததும் படியெடுத்தலே. ஓலைக்கு மாறாகத் தாளிலும், ஒன்றுக்கு மாறாக நூற்றுக்கணக்கிலும்.

தாளின் ஆயுள்

அச்சு வந்ததும் இச்சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் படி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. அக்காலத்து ஐரோப்பியத் தாள் கந்தல் துணியிலிருந்து ஆக்கப்பட்டது, உறுதியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாளோ அமிலத்தன்மை உடையது. பழுப்பேறி, மடித்த இடத்தில் முறியும். சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற சிந்துகளும் கொலைக்கதைகளும் நாடகப் பாட்டுகளும் இத்தகைய மலிவுத் தாளில் அச்சானவையே. கற்றோர் அவற்றை நூலாகவே மதிக்கவில்லை. பூசையறையில் இடம்பெறாதவை என்பதால் அவற்றுக்கு நெய்யும் தீயும்கூடக் கிட்டவில்லை. பொட்டலம் கட்டவே பயன்பட்டன.

இவற்றையும் நூலெனக் கொண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான அவர் 1950 முதல் இலக்கியம், மருத்துவம், நாடகம், பாட்டுப் புத்தகம், இதழ், துண்டறிக்கை என வேறுபாடின்றித் திரட்டினார். எழுத்தின் வடிவத்தைத் தொழிலாகக் கொண்டவர் துண்டறிக்கையையும் எறிய மனமின்றி வைத்திருந்தது வியப்பன்று. 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. எனினும் நூல்கள் கடல் கடந்து செல்லவில்லை; சென்னையில் ஆய்வு நூலகமாக அமைந்து, நுண்படச்சுருளிலும் பின்னர் மின்வடிவிலும் படியெடுக்கப்பட்டன. முச்சந்தி இலக்கியம் இன்று ஆய்வுப் பொருளாக ஏற்கப்படுவதற்கு இத்தகைய திரட்டுகள் இன்றியமையாதவை.

இப்படியெடுத்தலும் குறையற்றதன்று. புதிய ஏட்டுக்குப் பாடம் மாறியபோது பழைய ஏட்டின் சட்டமும் கிளிமூக்கும் உடன் வரவில்லை. கறுப்பு வெள்ளை நுண்படத்தில் குஜிலி நூலின் வண்ண அட்டை சாம்பல் நிறமாகவே தெரியும். தாளின் தடிமனும் மலிவும் தெரியா. காலணா நூலையும் செம்பதிப்பையும் திரையில் ஒரே அளவாகக் காணும் ஆய்வாளருக்கு, யார் எதை வாங்கினர் என்ற வினாவுக்கான சான்று அங்கே மறைந்துவிடுகிறது. அதனைத் தேட அவர் மூலப்படி இருக்கும் பெட்டியைத் திறக்கச் செய்தே ஆகவேண்டும்.