விலையைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள்!
வீட்டிலிருந்தே இணையத்தில் வியாபாரம் செய்வோருக்கு

முகநூலில் முறுக்குப் படம் ஒன்றைப் போடுகிறார் ஓர் அக்கா. படம் அழகாக இருக்கிறது. கீழே கேள்விகள் வந்து குவிகின்றன. "எவ்வளவு அக்கா?" "எந்த ஊரு?" "ஜாசினுக்குக் கொண்டு வந்து கொடுப்பீங்களா?" எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "பி.எம். பண்ணுங்க."

கேட்டவர்களில் பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். மறுநாள் அக்காவுக்கு வருத்தம்: "இத்தனை பேர் லைக் போட்டாங்க, வாங்க மட்டும் ஆள் இல்லையே!"

மெர்லிமாவ், ஜாசின், செர்காம், சுங்கை ரம்பை வட்டாரத்தில் பலகாரம், மசாலைத் தூள், தையல், மாலை கட்டுதல், மருதாணி, கேக் என்று வீட்டிலிருந்தே தொழில் பார்ப்பவர்களுக்குக் கைப்பக்குவத்தில் குறை இல்லை. கைப்பேசியும் கையில் இருக்கிறது. இருந்தும் வியாபாரம் உறவினர், தெரிந்தவர் என்ற வட்டத்தைத் தாண்டாமல் நிற்கிறது. ஏன்?

தோட்டத்தில் இருந்த காலத்தில் விளம்பரமே தேவைப்படவில்லை. யார் வீட்டு அதிரசம் பதமாக இருக்கும், யார் கை மசாலை மணக்கும் என்று லயத்துக்கே தெரியும். கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துத்தான் 555 புத்தகத்தில் கடன் எழுதினார். யார் மகள், யார் மருமகள் என்பதே அன்று போதுமான அடையாளம்.

கைப்பேசித் திரையில் நம்மைப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. ஆகவே தோட்டத்தில் சொல்லாமலே தெரிந்த விவரங்களை இணையத்தில் எழுதிக் காட்ட வேண்டும். நீங்கள் யார், என்ன விலை, எந்த ஊர், எப்போது கிடைக்கும்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் முன்பின் தெரியாதவரும் பணம் கட்டத் துணிவார்.

பெயரைப் பதியுங்கள்

முதல் வேலை, வியாபாரத்தை மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் செய்கிறோம், இணையத்தில் மட்டும்தான் விற்கிறோம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதியலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. 'ஈஸி பிஸ்' என்ற இணையச் சேவை வழியாக வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

இந்தப் பதிவு வெறும் காகிதம் அல்ல. வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க இது வேண்டும். டூயிட்நவ் கியூஆர் வழியாகப் பணம் கட்டும்போது பெறுபவர் பெயர் திரையில் தெரியும். நீங்கள் விற்பது ஒரு பெயரில், பணம் போவது மைத்துனர் பெயரில் என்றால், மோசடிச் செய்திகளைத் தினமும் படிக்கும் வாடிக்கையாளர் அந்த இடத்திலேயே தயங்குவார். கடைப்பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

விலையை மறைக்காதீர்கள்

"விலைக்கு பி.எம்." என்பது வியாபார உத்தி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விதிமீறல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் விவரம், அனுப்பும் செலவு உள்ளிட்ட முழு விலை, பணம் கட்டும் முறை, பொருள் வந்து சேரும் காலம் ஆகியவற்றை விற்பவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், வாடிக்கையாளரின் இடத்தில் நின்று பாருங்கள். விலை தெரியாத கடைக்குள் நுழைய யாருக்கும் கூச்சம்தான். "விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ" என்று தயங்கியே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்: "கை முறுக்கு, 500 கிராம், 12 வெள்ளி. மெர்லிமாவில் நேரில் எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை தயார்." இரண்டு வரிதான். அதே கேள்விக்கு நாற்பது முறை பதில் எழுதும் வேலையும் மிச்சம்.

புலனத்தின் வணிகச் செயலி இதற்குப் பெரிய உதவி. இலவசமாகக் கிடைக்கும் அந்தச் செயலியில், பொருள், படம், விலை எல்லாவற்றையும் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். நீங்கள் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் "மாலை ஐந்து மணிக்குள் பதில் தருகிறேன்" என்று தானாகவே பதில் போகும்படியும் செய்யலாம். பணம் கட்டியவர், பொருள் அனுப்ப வேண்டியவர் என்று பெயர்களைப் பிரித்து அடையாளமிடலாம். வியாபாரத்திற்குத் தனி எண் வைத்துக்கொண்டால் குடும்பப் பேச்சும் கொள்முதலும் கலக்காது.

முதலில் பக்கத்து ஊர்

இணையம் என்றதும் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மனம் பறக்கும். பலகாரம் விற்பவருக்கு முதல் சந்தை மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. மலாக்கா நகருக்கும் மூவாருக்கும் இடையே 5ஆம் எண் கூட்டரசு சாலையில் இருக்கிறது மெர்லிமாவ். மெர்லிமாவ் போலிடெக்னிக்கும் யு.ஐ.டி.எம். ஜாசின் வளாகமும் இங்கேதான் உள்ளன. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இரவில் பசிக்கும். அவர்கள் கடை தேடுவது கைப்பேசியில்தான். வார இறுதியில் அம்பாய்க்கும் செர்காமுக்கும் சுட்ட மீன் சாப்பிட வருபவர்களும் இதே வழியில் போகிறார்கள்.

ஆகவே கூகுள் வரைபடத்தில் உங்கள் வியாபாரத்தை ஏற்றுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வாடிக்கையாளரை வீட்டுக்கு வரவழைக்காமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பவர் என்றால், முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் குறிக்கலாம். வாங்கியவர்களிடம் கேட்டு நான்கு வரி கருத்து எழுதச் சொல்லுங்கள். முன்பு லயத்தில் வாய்வழியாகப் பரவிய நற்பெயர் இப்போது அங்கேதான் பதிவாகிறது. சொந்தக்காரர்களை வைத்துப் பொய்யாக எழுதிக்கொள்ள வேண்டாம். படிப்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விநியோகத்திற்கும் நாள் குறியுங்கள். செவ்வாய் ஜாசின், பெம்பான். வியாழன் சுங்கை ரம்பை, மூவார் என்று முறை வைத்தால் ஒரே பயணத்தில் பத்துப் பொட்டலம் போகும். கேட்டவருக்கெல்லாம் கேட்ட நேரத்தில் ஓடினால் லாபம் எண்ணெய் நிலையத்தில்தான் போய்ச் சேரும்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் விற்பார்கள். மாசி மகத்திற்கு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வரும் கூட்டம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கல்லூரி தவணைத் தொடக்கம் இவையும் கொள்முதல் வரும் காலங்களே. மூன்று வாரம் முன்பே அறிவித்து, முன்பதிவுக்குக் கடைசி நாளையும் சொல்லிவிடுங்கள்.

மலாயிலும் எழுதுங்கள்

2020ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில், பேராக் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பவித்ராவும் அவர் கணவர் சுகுவும் யூடியூபில் நாடு முழுதும் பேசப்பட்டார்கள். அன்றைய பிரதமரே தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார். அவர்களிடம் அலங்கரித்த சமையல் கூடம் இல்லை. சாதாரண வீட்டு அடுப்படியில் அன்றாடச் சமையலைச் செய்து, சரளமான மலாயில் விளக்கினார் பவித்ரா. அதனால் எல்லா இனத்தவரும் பார்த்தார்கள்.

நமக்கு அதில் பாடம் உண்டு. தமிழில் மட்டும் எழுதினால் நம்மவர் மட்டுமே வாங்குவர். அதே பதிவில் நான்கு வரி மலாயிலும் சேர்த்தால், பக்கத்துத் தாமானில் இருக்கும் மலாய், சீனக் குடும்பங்களும் கேட்பார்கள். என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஹலால் சான்றிதழ் பெறாமல் அந்த முத்திரையைப் போடுவது குற்றம். "அரிசி மாவு, உளுந்து, தாவர எண்ணெய், ஓமம், உப்பு" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் வாங்குவதா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அடுப்படிக்கும் விதி உண்டு

உணவு விற்பவர் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி உணவு கையாள்வோர் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பொட்டலத்தில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவை மலாயில் இருக்க வேண்டும். எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் போடுங்கள். உரிமம் பற்றிய சந்தேகத்திற்கு ஜாசின் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். அதிகாரி வந்து கேட்கும் வரை காத்திருப்பதைவிட நாமே முன்கூட்டிக் கேட்பது நல்லது.

உங்கள் கூலி எங்கே?

வீட்டு வியாபாரத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது செய்பவரின் உழைப்புக்கான கூலிதான். ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 12 வெள்ளி முறுக்குப் பொட்டலத்திற்கு மாவு, எண்ணெய் முதலியவை 4 வெள்ளி 50 சென், எரிவாயு 60 சென், டப்பாவும் லேபிளும் 1 வெள்ளி 40 சென். மொத்தச் செலவு 6 வெள்ளி 50 சென். மீதி 5 வெள்ளி 50 சென். அம்மாவும் மகளும் ஆளுக்கு ஐந்து மணி நேரம் உழைத்து 20 பொட்டலம் செய்தால் மீதி 110 வெள்ளி. பத்து மணி நேர உழைப்புக்கு, மணிக்கு 11 வெள்ளி.

அதே பொட்டலத்தை இணையச் சந்தைத் தளத்தில் அதே விலைக்குப் போடுகிறோம். தளக் கட்டணம் பத்து விழுக்காடு என்று வைத்தால் 1 வெள்ளி 20 சென் போகும். உடையாமல் அனுப்ப அட்டைப் பெட்டிக்கும் காற்றுத் தாளுக்கும் இன்னொரு வெள்ளி. மீதி 3 வெள்ளி 30 சென்தான். மணிக்கணக்கில் பார்த்தால் 6 வெள்ளி 60 சென். 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 72 சென். அதாவது, வேறொருவரிடம் வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலிகூட சொந்தத் தொழிலில் கிடைக்கவில்லை. கொள்முதல் கூடக் கூட உழைப்புதான் கூடும்.

தளங்களே வேண்டாம் என்பதில்லை. அங்கே விற்கும் விலையைத் தனியாகப் போடுங்கள். இரண்டு, மூன்று பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டாக விற்றுப் பாருங்கள். நொறுங்கும் பொருளைவிட மசாலைத் தூள், ஊறுகாய் போன்றவற்றைத் தொலைதூரத்திற்கு அனுப்புங்கள். கட்டண விகிதம் தளத்திற்குத் தளம் மாறும். சேர்வதற்கு முன் படித்துப் பாருங்கள். தினமும் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். வருமான வரிக்கும் அந்த நோட்டு வேண்டும். வியாபாரப் பதிவேடுகளை ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி.

ஏமாறாதீர்கள், ஏமாற்றாதீர்கள்

பணம் கட்டியதாக ரசீதுப் படம் அனுப்பினால் மட்டும் நம்பி விடாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து, பணம் உள்ளே வந்ததைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். "கொள்முதல் விவரம் இதில் இருக்கிறது" என்று வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்கவே கூடாது; அது உங்கள் கைப்பேசியைப் பிறர் கையில் கொடுத்துவிடும். சந்தேகமான கணக்கு எண்ணை அரச மலேசியக் காவல் துறையின் 'செமாக் மியூல்' அகப்பக்கத்தில் சோதிக்கலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 997 எண்ணை அழையுங்கள்.

வாடிக்கையாளர் குறை சொன்னால் பொதுவெளியில் சண்டை வேண்டாம். "மன்னிக்கவும், மாற்றித் தருகிறேன்" என்று அதே இடத்தில் எழுதி, செய்தும் காட்டுங்கள். ஒருவருக்கு எழுதும் அந்தப் பதிலை வாங்கலாமா என்று யோசிக்கும் நூறு பேர் படிக்கிறார்கள்.

முதல் தேவைப்பட்டால் தெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்காகவே உள்ளது. அமானா இக்தியார் 2024இல் இந்தியப் பெண்களுக்காகப் 'பெண்' திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடன் எடுக்காதீர்கள். நட்டத்தில் விற்கும் தொழிலுக்குக் கடன் வாங்கினால் நட்டம்தான் பெருகும். இணையத் தொழில் கற்றுக்கொள்ள, அருகில் உள்ள நாடி மையத்தை அணுகலாம்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு அவர்கள் வரும்போது அம்மாவின் பொருள்களைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, புலனத்தில் விலைப்பட்டியலாக ஏற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் வேலைதான். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஒரு பொட்டலத்திற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று எழுதிப் பார்த்து, உங்கள் கூலியையும் சேர்த்து விலையை முடிவு செய்யுங்கள். அந்த விலையைத் தயங்காமல் படத்தின் மேலேயே போடுங்கள்.