வேடம் யாருடையது? கதை யாருடையது?

ஏலத்தின் மணம் கமழும் போடிநாயக்கனூரில், தரம் பிரித்தல் என்பது அன்றாடத் தொழில். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காய்களைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, வெடித்தவற்றை விலக்கிப் பொறுக்கி எடுக்கின்றனர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்குப் போகும் காய்க்கு முதலில் பார்க்கப்படுவன நிறமும் பருமனுமே. தன் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்ட காய் உலகில் உண்டோ? மனிதர்களாகிய நம் நிலையும் பெரும்பாலும் அதுவே. எந்த வீட்டில் பிறப்பது, என்ன பெயர் தாங்குவது, எந்த முகத்தோடு வளர்வது என்பனவற்றை நம்மைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

ஆனால், இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஒரு கருவி அவர்களைப் பார்த்து இக்கேள்விகளைக் கேட்கிறது. "உன் பெயர் என்ன? உன் முகம் எப்படி இருக்க வேண்டும்? நீ வீரனா, மந்திரவாதியா, திருடனா?" கணிப்பொறியிலும் கைபேசியிலும் ஆடப்படும் வேடம் பூணும் விளையாட்டுகளின் முதல் திரை இவ்வாறுதான் தொடங்குகிறது. வேறு சில விளையாட்டுகளோ எதையும் கேட்பதில்லை. "இவன்தான் நாயகன், இதுதான் அவன் கதை, இவனாக இருந்து பார்" என்று கூறிவிடுகின்றன. இவ்விரண்டில் எது சிறந்தது என்று இளைஞர்கள் தங்களுக்குள் ஓயாது வாதிடுகின்றனர். பெற்றோர்களாகிய நமக்கு இவ்வாதம் வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். சற்றே நின்று கேட்டால், நம் குடும்பங்களுக்குள் நடக்கும் ஒரு பழைய வழக்கே அது என்பது புலப்படும்.

நாயகனைப் படைக்கும் உரிமை

இவ்விளையாட்டுகளின் வேர் காகிதத்தில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வேடத்தை எழுதிக்கொண்டு, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர்கள் தம் வேடத்தின் செயலைச் சொல்வார்கள். வேடத்தின் வலிமையும் அறிவும் எண்களாகக் குறிக்கப்படும். அனுபவம் கூடக் கூட அவ்வெண்களும் உயரும்.

இம்முறையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டபோது, வாளை வீசும் விரைவும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 1996-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'டயாப்லோ' மூன்று வகை நாயகர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' மூக்கின் நீளம் முதல் தழும்பின் இடம் வரை தேர்ந்தெடுக்க விட்டது. 2022-இல் ஜப்பானிலிருந்து வந்த 'எல்டன் ரிங்' விளையாட்டும் இவ்வழியையே பின்பற்றியது.

இவ்வுரிமைக்கு ஒரு விலை உண்டு. ஆடுபவர் எந்தப் பெயரை எழுதுவார் என்பது கதை எழுதியவருக்குத் தெரியாது. ஆகவே, முன்னரே குரல் பதிவு செய்யப்பட்ட கதைமாந்தர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்க இயலாது. ஸ்கைரிமில் உள்ளவர்கள் நாயகனை ஒரு பட்டத்தால் அழைக்கின்றனர். எல்டன் ரிங்கிலும் அப்படியே. நாயகனுக்கு வாய் திறந்து பேசும் குரலும் இல்லை. யாராகவும் இருக்கக்கூடிய ஒருவனுக்குக் குறிப்பிட்ட தாய் இருக்க முடியுமா? குறிப்பிட்ட ஊர், தீராத பழங்கடன், சிறு வயதுத் தோழன் ஆகியோர் இருக்க முடியுமா? முகத்தை ஆடுபவர் பெற்றுக்கொண்டார். உறவுகளை அவர் இழந்தார் எனலாம்.

இதனை உணர்ந்து நடுவழி கண்டவர்களும் உண்டு. கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில், முகமும் முதற்பெயரும் ஆடுபவரின் விருப்பம். 'ஷெப்பர்ட்' என்ற குடும்பப் பெயர் மட்டும் மாறாதது. எல்லோரும் அப்பெயரால் அழைப்பர். ஆண் நாயகனுக்கு ஒருவரும் பெண் நாயகிக்கு ஒருவருமாக இருவர் குரல் கொடுத்தனர். வீட்டுப் பெயர் முன்னோர் தந்தது, நடத்தை மட்டும் நம்முடையது என்னும் நம் ஊர் வழக்கத்திற்கு இது மிக அருகில் இருக்கிறது அன்றோ?

கொடுக்கப்பட்ட கதை

மறுபக்கத்திற்கு வருவோம். போலந்து நாட்டு எழுத்தாளர் ஆந்த்ஷே சப்கோவ்ஸ்கியின் நூல்களைத் தழுவி, அந்நாட்டு நிறுவனமே 2015-இல் வெளியிட்ட 'விட்சர் 3' இதற்குத் தக்க சான்று. வன்முறையும் வயது வந்தோர்க்கான காட்சிகளும் கொண்டது, சிறுவர்க்கு உரியதன்று. ஆயினும் அதன் கதையமைப்பு எண்ணத் தக்கது. அதில் நாயகன் கெரால்ட். நரைத்த தலை, வடுப்பட்ட முகம். அவன் தன் வளர்ப்பு மகளைத் தேடி அலைகிறான். ஆடுபவர் அவனுடைய உடையையும் வாளையும் மாற்றலாம். அவன் தந்தை என்பதை மாற்ற இயலாது.

வியப்பு என்னவெனில், இக்கதையின் முடிவு பெரும் போர்களால் அமைவதில்லை; சில சிறு தருணங்களால் அமைகிறது. மனம் சோர்ந்திருந்த மகளோடு பனியை உருட்டி எறிந்து விளையாடினானா? அவள் தானே சென்று பேச வேண்டிய இடத்தில் அவளைத் தனியே போக விட்டானா, அல்லது தானும் உடன் நுழைந்து அவள் சார்பில் பேசினானா? மகளை நம்பிய தந்தைக்கு ஒரு முடிவு. ஒவ்வொன்றையும் அவளுக்காகத் தானே தீர்மானித்த தந்தைக்கு மற்றொரு முடிவு. வேடம் மாறாதது, ஆனால் அவ்வேடத்தை எப்படித் தாங்குவது என்பது ஆடுபவரின் கையில். தந்தை என்ற நிலை நிலையாக இருப்பதால்தான் அச்சிறு தேர்வுகளுக்குக் கனம் வருகிறது.

செக் நாட்டவர் 2018-இல் வெளியிட்ட 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' என்பதும் அவ்வகையே. 1403-ஆம் ஆண்டின் பொகீமியாவில் ஒரு கொல்லனின் மகன் அதன் நாயகன். கதையின் தொடக்கத்தில் அவனுக்கு வாள் பிடிக்கவும் சரியாகத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. இரண்டையும் ஆசிரியரிடம் சென்று கற்க வேண்டும். பிறப்பு கொடுக்கப்பட்டது, வளர்ச்சி உழைத்துப் பெறுவது. இதுவும் முதிர்ந்தோர்க்கான விளையாட்டே.

நம் நாட்டவரும் இத்துறையில் பின்தங்கவில்லை. பூனா நகரத்து இளைஞர்கள் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' என்னும் போர் விளையாட்டில், தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சிறுமியே நாயகி. தமிழர்களுக்குப் பெருமை தரும் செய்தி மற்றொன்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை, முதற்படைப்புக்கான பிரிவில் பெற்றது. அது போர் விளையாட்டன்று. சமையல் வழியாகச் சொல்லப்படும் குடும்பக் கதை. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், அவளுடைய கணவன், தாய்மொழியிலிருந்து மெல்ல விலகிச் செல்லும் மகன் ஆகியோரின் வாழ்வு அது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன படிகளை ஊகித்து இட்லி முதலியவற்றைச் சமைக்க வேண்டும். அத்தாயின் முகத்தையும் ஊரையும் மொழியையும் ஆடுபவர் தம் விருப்பம்போல் மாற்றலாம் என்று வைத்திருந்தால், அக்கதையில் எஞ்சுவது என்ன?

நம் மேடை கண்ட விடை

உண்மையில் இவ்வழக்கை நம் மதுரைச் சீமை நெடுங்காலத்திற்கு முன்பே விசாரித்துவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களைத் திருவிழா இரவுகளில் விடிய விடியக் கண்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 'ஸ்பெஷல் நாடகம்' என வழங்கும் அம்முறையில் நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் மற்றோர் ஊர். தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள் ஒத்திகை இன்றி அன்றிரவே மேடையில் சந்திப்பர். வள்ளி திருமணத்தின் கதையை எவரும் மாற்ற முடியாது. வள்ளி இறுதியில் முருகனை மணந்தே ஆக வேண்டும். ஆயினும் நாரதரும் வள்ளியும் நடத்தும் தர்க்கம் ஓர் இரவில் இருந்தாற்போல் மறு இரவில் இராது. அன்றைய நடிகர்களின் கல்வியும் சமயோசிதமும் எவ்வளவோ, அவ்வளவே அன்றைய வள்ளி. கதை கட்டியது, நடிப்பு கட்டற்றது.

பாஸ்கு நாடகத்தை எண்ணிப் பாருங்கள். யூதாசு வேடம் பூணும் இளைஞனுக்கு முடிவு முன்பே தெரியும்; பார்ப்போர்க்கும் தெரியும். ஆயினும் முப்பது வெள்ளிக்காசுகளை அவன் வீசி எறியும் நொடியில் கூட்டம் மூச்சடங்கிப் போகிறது. "நான் அங்கே இருந்திருந்தால்?" என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கின்றனர். மாறாத கதை மனிதனுக்குத் தரும் தேர்வு இதுவே.

அதே வேளையில், கதை நிலையானது என்பதாலேயே அது உயர்ந்ததாகிவிடாது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நன்கறிந்த ஞானசௌந்தரியின் கதை 1948-ஆம் ஆண்டிலேயே இருமுறை திரைப்படமாயிற்று. சிட்டாடல் நிறுவனத்தின் படம் பெருவெற்றி பெற்றது. ஜெமினியின் படம் தோல்வியுற்றது. அதே நாயகி, அதே துயரம், அதே முடிவு. சொன்ன விதம் வேறு.

மலைச்சரிவின் நியாயம்

அப்படியானால், முகத்தைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு வீண்தானா? அவ்வாறு தீர்ப்பளிப்பது அவசரமாகும். வைகறையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்பும் தாயின் மகளை நினைத்துப் பாருங்கள். அவளுடைய வாழ்வில் எத்தனை முடிவுகள் அவளைக் கேட்டு எடுக்கப்பட்டன? எந்தப் பள்ளி, எத்தனை வகுப்பு வரை, எப்போது திருமணம் என்பனவற்றைப் பெரும்பாலும் மற்றவர்களே தீர்மானிக்கின்றனர். அத்தகைய பெண்ணிடம், "நீ யாராக இருக்க விரும்புகிறாய்?" என்று முதன்முதலில் கேட்டது ஒரு கைபேசி விளையாட்டாக இருக்குமாயின், குற்றம் விளையாட்டினுடையதா? கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டதன் விளைவு அன்றோ அது? வேடத்தைப் படைக்கும் ஆவலுக்குள் ஒரு நியாயமான பசி இருக்கிறது. அதனை ஏளனம் செய்யலாகாது.

ஆனால் அப்பசியைக் காசாக்கும் வணிகம் உண்டு. அங்கே விழிப்பு வேண்டும். பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா போன்ற சண்டை விளையாட்டுகள் இலவசமாகக் கைபேசியில் இறங்குகின்றன. பின்னர் வேடத்திற்கு உடையும் துப்பாக்கிக்கு வண்ணமும் விற்கின்றன. அவ்வுடை ஆடுபவரின் திறமையை இம்மியளவும் கூட்டுவதில்லை. தோழர்முன் தோற்றத்தை மட்டுமே கூட்டுகிறது. 2020-இல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டில் நாயகர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டவர்களே. எனினும் விரும்பிய நாயகன் கிடைப்பது குலுக்கலைப் பொறுத்தது. ஆகவே, முகம் மாற்றும் விளையாட்டானாலும், மாறாத கதையானாலும், விலைப்பட்டியல் நுழைய இயலும். பரிசுப் பெட்டிக் குலுக்கல்கள் சிலவற்றைப் பெல்ஜியம் நாடு 2018-இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்துப் பணம் வெல்ல முயலும் ஆட்டங்களே அதன் இலக்கு. நிழலுருவுக்கு உடை வாங்கும் செலவைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டிலிருப்பவர்களே. ஒரு நாள் முழுதும் குனிந்து காய் பறித்த கூலி, ஒரு நிழலின் மேலங்கியாக நொடியில் மாறிவிடக் கூடும்.

பெற்றோர்களே, கேளுங்கள்

கைபேசியைப் பிடுங்கி வைப்பது எளிது. அருகில் அமர்ந்து கேட்பது அரிது. அரியதைச் செய்து பாருங்கள். "இந்த நாயகன் யார்? அவன் எதை இழந்தவன்? நீ எடுத்த முடிவால் கதையில் யாருக்கேனும் நன்மையோ தீமையோ விளைந்ததா? இதற்கென்று காசு ஏதும் கட்டினாயா?" இந்நான்கு கேள்விகளும் போதும். முதல் மூன்றிற்கும் பிள்ளை ஆர்வத்தோடு விடையளித்தால், அவன் ஒரு கதைக்குள் வாழ்ந்து திரும்பியிருக்கிறான் என்று அறியலாம். நான்காவது கேள்விக்கு மட்டும் தயங்கினால், அங்கே உங்கள் உதவி தேவைப்படுகிறது.

இனி, வீட்டிற்குள்ளும் இவ்வழக்கை முடித்து வைப்பது நம் கடமை. தோட்டமோ கடையோ கூலியோ, தந்தை செய்த தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்று முழுக்கதையையும் எழுதி அவன் கையில் திணிக்கும் பெற்றோர் உண்டு. குடும்பப் பெயரும் வேண்டாம், உறவும் வேண்டாம், நானே என்னைப் படைத்துக் கொள்வேன் என்று புறப்படும் பிள்ளைகளும் உண்டு. முகமும் பெயரும் ஊரும் தந்தவர்கள் நாம். அது நம் பங்கு. அப்பெயரோடு என்ன பேசுவது, எங்கே நிற்பது, யாருக்காக இரங்குவது என்பது அவர்கள் பங்கு. இன்றிரவு உணவிற்குப் பின் உங்கள் மகளை அருகழைத்து, "நீ யாராக இருக்க விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.