கூண்டுக்குள் போன ஆற்றோரப் பாட்டு

ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குப் பெஸ்தாரி ஜெயா வழியாகப் போயிருக்கிறீர்களா? சிலாங்கூர் ஆறு அங்கே செம்பனைத் தோட்டங்களை ஒட்டி ஓடுகிறது. தோட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில இடங்களில் புதரும் கொடியுமாக ஒரு பட்டை மிஞ்சியிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத இத்தகைய ஆற்றோரப் புதர்தான் பாராவ்-பாராவ் என்ற பாட்டுப்பறவைக்குப் பிடித்த வாழிடம்.

வீட்டுத் தோட்டத்தில் கூடு கட்டும் கொண்டைக்குருவியை உங்களுக்குத் தெரியும்; வாலுக்கு அடியில் மஞ்சளாக இருக்கும். பாராவும் அதே குடும்பம், ஆனால் நன்கு பெரியது: சுமார் 29 செ.மீ. நீளம். தலை வைக்கோல் நிறம், கன்னத்தோரம் கறுப்புக் கோடு. இதன் அறிவியல் பெயர் பிக்னோநோட்டஸ் ஸெய்லானிக்கஸ். ‘ஸெய்லானிக்கஸ்’ என்றால் இலங்கையைச் சேர்ந்தது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இது இலங்கைப் பறவையே அல்ல! 1789இல் தவறாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

புதரிலோ சிறு மரத்திலோ, அதிக உயரமில்லாமல், ஆழமற்ற கிண்ணம் போலக் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். இணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பாடும். அந்தப் பாட்டு வெகுதூரம் கேட்கும். அதுவே அதற்கு வினையானது. அடர்காட்டுக்குள் வாழும் பறவையைத் தேடிப் பிடிப்பது சிரமம். ஆற்றோரப் பறவைக்கோ ஒரு படகு போதும். குரல் வந்த திசையில் வலையை விரித்தால் முடிந்தது. கூண்டுப்பறவைச் சந்தையில் இது அரிதாக அரிதாக விலையும் ஏறியது.

தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டுப் பாராவ் மறைந்துவிட்டது. தீபகற்ப மலேசியாவில் தாமான் நெகாரா போன்ற சில இடங்களில் இன்னும் பாடுகிறது. 2018இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை ‘மிக அருகிய இனம்’ என்ற பிரிவில் சேர்த்தது. அப்போதைய மதிப்பீட்டின்படி உலகிலேயே 600 முதல் 1,700 வரையிலான வளர்ந்த பறவைகள்தாம் மிச்சம்.

காடு அழிந்ததால்தானே இந்த நிலை என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு காரணம்தான். கரைவரை செம்பனை நட்டால் கூட்டுக்கு இடம் ஏது? ஆனால் சிங்கப்பூரைப் பாருங்கள். அடுக்குமாடிகள் நிறைந்த அந்தச் சிறிய தீவு நாட்டில் 200க்கும் மேற்பட்ட பாராவ்கள் வாழ்கின்றன. பூலாவ் உபினில் நிறையவே உண்டு. இந்தப் பறவைக்குக் கன்னிக்காடு கட்டாயமில்லை. பிடிப்பவர் இல்லாத புதரே போதும்.

2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், மலேசியாவும் சிங்கப்பூரும் அமெரிக்காவும் முன்மொழிந்தபடி, பாராவ் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. காட்டில் பிடித்ததை நாடுவிட்டு நாடு விற்பது அதன்படி தடை. உள்நாட்டுச் சந்தையை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் கவனிக்க வேண்டும்.

ஆற்றோரம் எங்காவது இதன் பாட்டைக் கேட்டால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இடத்தின் பெயரை மட்டும் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். வலை வைத்திருப்பவர்களும் அதைப் படிப்பார்கள். வனவிலங்குத் துறையிடமோ மலேசிய இயற்கைக் கழகத்திடமோ சொல்லுங்கள்.