எடை குறைப்பு ஊசியும் தாய்மையும்

செமாகுளுடைடு அடங்கிய வெகோவி, டிர்செபடைடு அடங்கிய மவுன்ஜாரோ ஆகிய எடை குறைப்பு ஊசிகள் 2025-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்தன. வாரம் ஒரு முறை செலுத்தப்படும் இவற்றைக் கர்ப்ப காலத்தில் பயன்படுத்தலாகாது. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் கருவுக்குப் பாதிப்பு காணப்பட்டுள்ளது; மனிதர்களுக்குப் பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய சான்றுகள் இல்லை.

ஊசியை நிறுத்திய நாளோடு கணக்கு முடிவதில்லை. உடலிலுள்ள செமாகுளுடைடு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே, கருத்தரிக்கத் திட்டமிடுவோர் செமாகுளுடைடை 2 மாதங்களுக்கு முன்பும், டிர்செபடைடை 1 மாதத்திற்கு முன்பும் நிறுத்திவிட வேண்டும்.

எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடலாம். டிர்செபடைடு கருத்தடை மாத்திரைகளின் பயனையும் குறைக்கலாம். எதிர்பாராமல் கருவுற்றால் அஞ்ச வேண்டா. ஊசியை நிறுத்தி, உடனே மருத்துவரை அணுகுங்கள். நீரிழிவு உள்ளோருக்கு மாற்று மருந்தை அவரே முடிவு செய்வார்.